நான்காவது ஜி.பி.எஸ்.

ஜி.பி.எஸ். கருவியின் திரை கறுத்துப்போனபோது தைஸ்தோ கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, உறைந்த கல்லவேசி ஏரியின் நடுவே நின்றிருந்தார். மேலே வெள்ளை. கீழே வெள்ளை. நடுவில் அறுபத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஒரு நாளும் வழி தவறாதவர். காரணம், அங்கே சாலை இருந்தது.

கருவியைக் குலுக்கினார். கோட்டுக்குள் வைத்தார். சட்டைக்குள் வைத்தார். கடைசியில் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் ஓர் அக்குள் என்னதான் செய்துவிடும்? அந்த நேரம் பார்த்துக் காலுக்குக் கீழே பனிக்கட்டி நீளமாக முனகியது. அது பனி இறுகும்போது போடும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்று தைஸ்தோவுக்குத் தெரியும். அவருடைய முழங்கால்களுக்குத் தெரியாது.

மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு அவர் கரையேறியது, மனைவி சிர்க்கா, சவுனா என்ற நீராவிக் குளியலறையின் வாளியை அகப்பையால் அடித்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

"போன வருஷம் ஒரு தடவ, இந்த வருஷம் ஒரு தடவ," என்றாள் அவள், அகப்பையை இறக்காமல். "மூணாவது தடவ நான் வாளி அடிக்க மாட்டேன்யா. பாதிரியாருக்குத்தான் போன் அடிப்பேன்."

"மிஷின் குளிர்ல செத்துப்போச்சு. நான் என்ன பண்றது?"

"உருப்படியா ஒண்ணு வாங்கு. இல்ல, ஏரிப் பக்கமே போகாத. ஏன், போன்லயே மேப் இருக்குல்ல?"

"போன்ல குறிச்சா உலகத்துக்கே தெரிஞ்சிடும்!"

"என்ன தெரிஞ்சிடும்?"

தைஸ்தோ குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். ஏரிக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. அதற்கு நேர்மேலே பனியில் துளை போட்டால், கிலோ கணக்கில் எடையுள்ள அஹ்வென் மீன்கள் தூண்டிலுக்கு வரிசையில் நிற்கும். அந்த இடத்தை அப்பா சாகும் தறுவாயில் தைஸ்தோவின் காதில் மட்டும் சொன்னார். நாற்பது வருடக் குடித்தனத்தில் சிர்க்காவுக்குக்கூட அது தெரியாது. ஊரிலும் யாரும் யாரையும் "எங்கே பிடித்தாய்?" என்று கேட்பதில்லை. கேட்டால், "தண்ணியில" என்பார்கள்.

யாராவது பின்தொடர்ந்தால்? அதற்காகத் தைஸ்தோ முதலில் எதிர்த்திசையில் நடப்பார். தீவைச் சுற்றுவார். மீனே இல்லாத ஓரிடத்தில் அரைமணி நேரம் தூண்டில் போட்டு நடிப்பார். அப்புறம்தான் அப்பாவின் மேடு. இல்லாத எதிரிகளை இப்படிக் குழப்பிக் குழப்பி, இரண்டு முறை குழம்பியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் தூண்டில் கடைக்காரன் வேய்யோ கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"பேட்டரி போயிடுச்சாண்ணே? விடுங்க. வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பிடிச்சா காசு, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுங்க. ஆனா போன தடவ சொன்னதுதான். நீங்க உக்கார்ற எடத்த அதுல குறிச்சு வெச்சு, அங்க போய்த் திரும்பி வந்து பாருங்க. சும்மா வீட்டுத் தோட்டத்துல சுத்துனா தெரியாது."

தைஸ்தோவின் கண் சுருங்கியது.

"எங்கன்னு நான் கேக்கவே மாட்டேண்ணே," என்றான் வேய்யோ, கையை நெஞ்சில் வைத்து. "எங்கப்பா வந்து கேட்டாலும் சொல்லிடாதீங்க."

தைஸ்தோவுக்கு அவன்மேல் மரியாதை பிறந்தது.

இரண்டாவது கருவி தொடுதிரை. கையுறையோடு தொட்டால் அதற்கு உறைக்கவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல்களுக்கு உறைத்தது. விரல் மரத்துப்போனதும், மேட்டைக் குறிக்கத் தைஸ்தோ மூக்கால் அமுக்கினார். மூக்கு தன்னால் முடிந்ததைச் செய்தது; இடம் பதிந்தது, கூடவே கருவி போர்த்துகீசிய மொழியில் பேச ஆரம்பித்தது. இன்னொரு முறை அமுக்கியதில் மூக்கே திரையில் ஒட்டிக்கொண்டது. முகத்தில் கருவியோடு, எங்கே மெல்லிய பனியை மிதித்துவிடுவோமோ என்று ஒவ்வோர் அடியாக வைத்து, அவர் வீடு வந்து சேர்ந்தபோது சிர்க்கா நிஜமாகவே போனைக் கையில் எடுத்திருந்தாள்.

"மூக்கு எங்கய்யா?"

"இருக்கு. தோல்தான் கொஞ்சம் போச்சு."

வேய்யோ மூன்றாவதைக் கொடுத்தான். பொத்தான்கள் வைத்தது, குளிர் தாங்குவது. இடத்தைக் குறித்தாயிற்று, மீனும் பிடித்தாயிற்று. திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. ஐந்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. ஆனால் அம்புக்குறி அசையாமல் வீட்டைக் காட்டியது. தைஸ்தோ ஆனந்தமாக அதன் பின்னால் நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் காலடிப் பனி சாம்பல் நிறமாக இருந்தது. கையிலிருந்த கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார். அது பனியைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று.

அவருக்கு உடனே புரிந்தது. இரண்டு தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் ஓடும் குறுகல். பனி மிகத் தடித்திருக்கும் மாசியில்கூட அங்கே எவனும் கால் வைக்க மாட்டான். கருவிக்கு வீட்டுக்கு நேர்கோடு தெரியும்; பனியின் தடிமன் தெரியாது.

மெதுவாக மண்டியிட்டார். பிறகு வயிறு படப் படுத்தார். விழுந்தால் பனியில் குத்தி ஏறுவதற்காகக் கழுத்தில் தொங்கிய இரண்டு ஆணிகளையும் பிடித்துக்கொண்டு, வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்தார். கன்னத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது கேட்டது. பனி ஒரு முறை 'டப்' என்றது. முப்பத்தைந்து வருடத்தில் தான் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போன பயணிகள் எல்லோரிடமும் தைஸ்தோ மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனார். கண்ணியமானவர், திரையை நன்றாகத் துணியால் துடைத்துத்தான் கொடுத்தார்.

"ஐயோ, அண்ணே!" வேய்யோ பதறினான். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்! இந்தாங்க, இது நாலாவது. முந்நூறு யூரோ. வந்த தடத்தையே ஞாபகம் வெச்சு அதே வழியில திருப்பிக் கூட்டிட்டு வரும். அந்த எடம் குறிச்சது சரியா வருதுல்ல? மூணு மிஷின்லயும்?"

"அச்சு மாறாம வருது."

"அதான் முக்கியம்ணே," என்றான் வேய்யோ மனநிறைவோடு.

தைஸ்தோ காசைக் கொடுத்தார். இதுவும் கைவிட்டால் அப்பாவின் மேட்டை ஜென்மத்துக்கும் மிதிப்பதில்லை என்று சிர்க்காவிடம் சத்தியம் செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி முழுக்க மூடுபனி. குறுகலைத் தாராளமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். எதிர்த்திசை நடிப்பு எதுவும் இல்லை, அதற்குத் தெம்பில்லை. இருநூறு மீட்டர். நூறு. நாற்பது. கருவி பிசகவே இல்லை. முதல் முறையாக நெஞ்சு லேசானது.

அப்போதுதான் அதைப் பார்த்தார். மூடுபனிக்குள் கறுப்பாக ஓர் உருவம். உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் நாலு. எண்ணிக்கை பதினெட்டைத் தாண்டியபோது தைஸ்தோவின் முதுகில் வியர்வை உறைந்தது. இந்த ஏரியில் மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கு ஏறக்குறையத் தெரியும். பதினெட்டுக்குப் பக்கத்தில்தான் வரும்.

கழுத்து ஆணிகளை இறுகப் பிடித்தார். "யா... யாரது?"

காற்றில் காபி வாசனை வந்தது.

அருகிலிருந்த உருவம் மட்டும் மெல்லத் திரும்பியது. சிவப்புக் குல்லாய், முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள். அப்பாவின் மேட்டின் சரியான உச்சியில் முக்காலி போட்டு, ஒரு கிலோவுக்குக் குறையாத அஹ்வெனைத் தூண்டிலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள். தைஸ்தோவின் கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள். அதே மாதிரி.

"நீங்களும் வேய்யோ கடையா? வாங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் இருக்கு. மிஷின் வெல ஜாஸ்திதாங்க, ஆனா யாரோ மூணு தடவ உயிரக் குடுத்துச் சரிபார்த்த எடமாம், அத உள்ளயே போட்டுத் தர்றாரு பாருங்க!"