நாலரை மணிக் கட்டு

மூன்றாவது நாளாக, பார்வையாளர்கள் வருகிற நாலரை மணிக்கு, எட்டாம் கட்டிலில் விநாயகமூர்த்தியின் கட்டு பிரிந்து கிடந்தது.

கழுத்தெலும்புக்குக் கீழே ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி, அதன் வழியாக அவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது நுழைந்த இடத்தில் பொட்டளவு ரத்தம். யோகநாதன் சுத்தமான காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கட்டிலைச் சுற்றி நின்ற ஆறு பேரும் அசையவில்லை. காயத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார்கள்.

அவன் அந்த ஆண்கள் வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெசர். அவனுடைய தகுதிகாண் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மார்க்கிரட் சிஸ்டர் அறிக்கையில் நல்லதாக ஒரு வரி எழுதினால் வேலை நிரந்தரம். புகார் என்று ஒரு கடிதம் வந்துவிட்டால், மூன்று வருட உழைப்பும் வீண்.

"இது எத்தனாவது தடவை தம்பி?" என்று கேட்டார் விநாயகமூர்த்தியின் மைத்துனர் முத்துக்குமாரு. கிள்ளானில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சின்ன நோட்டுப் புத்தகம்.

"மூணாவது, அங்கிள்."

"உங்க முழுப் பேரு?"

யோகநாதன் சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். பிறகு தகப்பன் பெயரைக் கேட்டார். தகப்பன் எந்த இலாகாவில் இருந்தார், பூர்வீகம் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தச் சாலையில் குடியிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். புகார் எழுதுவதற்கு இவ்வளவு விவரம் தேவைப்படும் என்று அவன் நினைத்ததே இல்லை.

"இன்னும் கன்ஃபர்ம் ஆகலையோ?"

"வெள்ளிக்கிழமைதான் தெரியும், அங்கிள்."

"ம்ம்," என்று சொல்லி அதன் கீழ் இரண்டு கோடு போட்டார்.

யோகநாதன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் கல்யாணத்தில் மழை பெய்தால்கூட, தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டது போல ஒதுங்கி நிற்பான். இந்தக் கட்டோ உண்மையாகவே அவன் போட்டது. திங்கட்கிழமை பிரிந்தபோது மார்பின் நரைமுடிதான் காரணம் என்று அதை மழித்தான். செவ்வாய்க்கிழமை பிரிந்தபோது பிளாஸ்டரை இரண்டு மடங்கு அகலமாக ஒட்டினான். அதில் பெரியவரின் தோல் சிவந்து போனதுதான் மிச்சம்.

இதையெல்லாம்விட, கட்டிலின் கால்மாட்டில் நின்ற பெண்ணின் முன்னால் தோற்பதுதான் அவனுக்கு அதிகம் உறுத்தியது. அவள் பெரியவரின் மகள் மீனலோசனி, பெட்டாலிங் ஜெயாவில் பள்ளி ஆசிரியை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். பரிதாபம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை அவன் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. அக்குளில் தொடங்கி, தோளைத் தாண்டி, முதுகை வளைத்து, மறுபடி மார்புக்கு வந்து, நான்கு சுருள் பேண்டேஜைச் சுற்றி முடித்தான். பெரியவர் ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோறு மாதிரி ஆகிவிட்டார். வலது கையைத் தூக்க முடியாமல், கஞ்சியைக்கூட வேறொருவர் ஊட்ட வேண்டியிருந்தது. மார்க்கிரட் சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வியாழன், நாலரை மணி. நான்கு சுருளும் சரிந்து பெரியவரின் மடியில் கிடந்தன. இந்த முறை பதினொரு பேர். பந்திங்கிலிருந்து ஒரு தம்பதி புதிதாக வந்திருந்தார்கள். யோகநாதன் காயத்தை அழுத்திப் பிடித்தபோது, பந்திங் அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி கிண்ணி போடுறது உண்டா தம்பி?"

"இல்ல ஆன்டி. தொட்டதே இல்ல."

கட்டு முடிந்ததும் பந்திங் அம்மாளின் கணவர், காற்று வரவில்லை என்று, கடைசி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அவன் நடந்து போய்த் திறந்துவிட்டுத் திரும்பி வரும்வரை பதினொரு பேரும் அவன் கால்களையே பார்த்தார்கள். குடித்தவன் நேர்கோட்டில் நடக்க மாட்டான் என்று சோதிக்கிறார்கள். அவன் அளவுக்கு மீறி நேராக நடந்தான்.

அன்றிரவு அறையில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலை, வித்தை எதுவும் செய்யாமல், படித்த பாடத்துக்குத் திரும்பினான். தோலை நன்றாக உலர்த்தி, சின்னதாகக் காஸ் வைத்து, குழாயை ஒரு வளையமாக மடக்கி, காயத்திலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக ஒட்டினான். இனி யார் எப்படி இழுத்தாலும் இழுப்பு அந்த வளையத்தோடு நின்றுவிடும், காயத்துக்குப் போகாது.

நாலரை மணி ஆனது. கட்டு அப்படியே இருந்தது. பெரியவர் நிம்மதியாகத் தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுற்றி ஒருவரும் இல்லை.

வெறுமையாகக் கிடந்த அந்த இடம் பதினொரு பேரைவிட அவனைப் பயமுறுத்தியது. எல்லோரும் சேர்ந்து மேலதிகாரியிடம் போயிருப்பார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு சிஸ்டரின் மேசைக்கு ஓடினான்.

மார்க்கிரட் சிஸ்டர் முதல் பாராவைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து அவனிடமே கொடுத்தார். "உங்க ரிப்போர்ட் காலையிலேயே போயாச்சு. நேத்து முத்துக்குமாருன்னு ஒருத்தர் வந்து, ஒரு மணி நேரம் உங்களப் பத்தி விசாரிச்சாரு. நான் உள்ளதைச் சொல்லிட்டேன்."

அதற்குள் தொலைபேசி மணி அடித்தது. சிஸ்டர் எழுந்து போய்விட்டார். யோகநாதன் சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளதை என்றால் எதை?

எட்டாம் கட்டிலுக்கு அடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு ஊழியர் தம்புசாமி, வாளியை நகர்த்திக்கொண்டே அவன் பக்கம் வந்தார்.

"ஏன் டிரெசர் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நாலு நாளா அவுந்த கட்டு இன்னைக்கு நிக்குது அண்ணே. நேத்தே நின்னிருக்கக் கூடாதா?"

தம்புசாமி துடைப்பத்தை ஊன்றி நின்றார்.

"எப்படி நிக்கும் லா? பொண்ணோட பந்திங் சித்தப்பாதான் பாக்கி இருந்தாரு. அவருக்கும் மாப்பிள்ளையைப் புடிச்சுப் போச்சுன்னு தெரிஞ்சப்புறம்தானே பெரியவரு கட்டுல கை வைக்கிறத நிறுத்துனாரு."