பேர் சொல்லாத சகோதரர்

கவலைப்படுவதில் நான் முழுநேர ஊழியன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று நினைப்பேன். அடிக்காவிட்டால், சொல்வதற்கு ஆளில்லாமல் எல்லாருமே போய்விட்டார்கள் என்று நினைப்பேன். என் மனைவி எஸ்தர் குறட்டை விட்டால் பயம். நிறுத்தினால் அதைவிடப் பயம்.

இப்படிப்பட்டவனிடம் போய் ஒருவன் மனம் திறந்து பேசலாமா? பேசினான். எஸ்தரின் தம்பி டேனியல்.

அவன் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறான். அவன் பேசியதற்கு மூன்று மாதம் முன் மழையில் லாரி சறுக்கி, சாலைத் தடுப்பில் இடித்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டு நாங்கள் எல்லாரும் மறந்துவிட்டோம். அவன் மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்து, தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்:

"மச்சான், தூக்கம் வர மாட்டேங்குது. லாரியில ஏறுனா கை நடுங்குது. சில நாளு, எதுக்குடா இருக்கோம்னு இருக்கு."

"ரொட்டி சானாய் சாப்பிடுறியா?" என்று கேட்டேன். (இரண்டு வாங்கிக் கொடுத்தேன். என் மருத்துவ அறிவு அத்தோடு முடிந்தது.)

"அக்காகிட்ட சொல்லிறாதீங்க லா. அழுதே ஊரக் கூட்டிரும்" என்றான். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மூன்று நாள் தாங்கினேன். 'எதுக்குடா இருக்கோம்' என்ற அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை புந்தோங்கில் ரோஸ் அக்கா வீட்டில் ஜெபக் கூட்டம். எஸ்தருக்கு அன்று வேலை. நான் மட்டும் போனேன். கூட்ட முடிவில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அக்கா கேட்பார். பேர் சொல்லக் கூசினால் 'ஒரு சகோதரர்' என்றால் போதும், ஆண்டவருக்கு விலாசம் தெரியும். சத்தியமும் தப்பும், மச்சானும் பிழைப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஒரு சகோதரருக்காக ஜெபிங்க. தூக்கமில்ல, கை நடுங்குது. எதுக்கு இருக்கோம்னு தெரியலங்கிறாரு..." அதற்குமேல் போனால் பேர் வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

ஒன்றை மறந்துபோனேன். எங்கள் கூட்டத்தில் பேர் சொல்லாத சகோதரர் என்றால் அது சொல்கிறவரேதான். போன வருடம், பீரை விட முடியாத ஒரு சகோதரருக்காக ஜெபிக்கச் சொன்ன அண்ணன் வாயிலிருந்தே பீர் வாசம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் கண்ணைத் திறந்திருந்தால், பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கைலிக்கு மாறியிருந்தேன். வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. ரோஸ் அக்கா முன்னால். பின்னால் வந்தவர்கள் கையில் மீ கோரேங் நூடுல்ஸ், ஆரஞ்சு, கோழிச் சாறு போத்தல். இதெல்லாம் ஒன்றாக வீட்டுக்குள் வந்தால் யாரோ ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார்கள் என்று பொருள். யாருக்கு என்னவோ என்று பதறி எஸ்தரைப் பார்த்தேன். அவள் கண் சிவந்திருந்தது. அக்கா அவளுக்குப் போன் போட்டுவிட்டிருக்கிறார்.

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள்.

அவள் தன் தம்பிக்கும் போன் போட்டிருந்தாள். கடைசி ஆளாக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டேனியல் உள்ளே வந்தான். 'என்ன மச்சான் இது?' என்று அவன் முகம் கேட்டது.

அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நானில்லை என்றால் பின்னே யார்? அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். வாயை மூடிக்கொண்டேன்.

ரோஸ் அக்கா எங்கேயோ மனநலப் பேச்சு ஒன்றுக்குப் போய்க் குறிப்பெழுதி வந்திருந்தார். "இங்க யாரும் புத்தி சொல்லக் கூடாது. காது குடுத்துக் கேக்கணும், அவ்வளவுதான். சரியா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து விநாடி தாங்கினார்கள்.

"வெந்தயத்த ஊற வச்சுக் குடிங்கண்ணே."

"புத்தி சொல்லக் கூடாதுன்னேன்ல!"

"இது புத்தி இல்லக்கா, வெந்தயம்."

"கோழி வளங்கண்ணே. காலையில அதுங்க மூஞ்சியப் பாத்தாலே கவல போயிரும்" என்றார் இன்னொருவர்.

அக்கா அவர்களை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. எப்பயிருந்து?"

டேனியல் சொன்னதையே ஒப்பித்தேன். "மூணு மாசமாக்கா. தூக்கமில்ல. லாரியில ஏறுனா கை நடுங்குது."

"நீங்க எப்பண்ணே லாரி ஓட்டுனீங்க?" என்றார் வெந்தயக்காரர்.

நான் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "அதுவும் ஒரு மாதிரி லாரிதானே" என்றேன். யாரும் நம்பவில்லை. எஸ்தர் என்னைப் பார்க்கவேயில்லை. மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

டேனியல் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "லாரி நான்தாங்க்கா" என்றான். "மச்சான் எனக்காக வாங்கிக் கட்டிக்கிறாரு."

எஸ்தர் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்தோம். அழவில்லை; "சொல்லுடா" என்றாள். அவன் சொன்னான், எல்லாவற்றையும். அப்போதுதான் அந்தக் கூட்டம் முதல்முறையாக வாயை மூடிக் கேட்டது. வெந்தயம்கூட வரவில்லை.

அவன் முடித்ததும் ரோஸ் அக்கா என்னிடம் திரும்பினார். "அப்ப உனக்கு ஒன்னுமில்லையா?"

"லாரி மட்டும் அவனோடதுக்கா" என்றேன். "மத்ததெல்லாம் எனக்கும் இருக்கு."

நான் அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை நானும் டேனியலுமாகக் கிளினிக் போனோம். யாருக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரம்மா மலாயில் கேட்டார். நான் அவனைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான். அவர் சிரிக்காமல் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். இரண்டு வாரமாக எத்தனை நாள் பதற்றம், எத்தனை நாள் பயம் என்று வரிசையாகக் கேள்விகள், பதிலுக்கேற்ற மார்க். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். அதற்குப் பிறகு கையில் கிடைத்த முதல் பரீட்சைத் தாள் இதுதான். பழக்கதோஷம், டேனியல் தாளை எட்டிப் பார்த்தேன்.

டாக்டரம்மா கூட்டிச் சொன்னார். அவனுக்குப் பதினான்கு, எனக்குப் பத்தொன்பது.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு பரீட்சையில் முதல் மார்க்! என்னையறியாமல் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதில் அதிகம் வாங்கினால் நல்லதில்லை என்று அவர் விளக்கவேண்டியதாயிற்று. டேனியல் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்று மாதமாக நாங்கள் கேட்காத சிரிப்பு அது.

இருவருக்கும் மாத்திரையும் மறுதேதியும் உட்கார்ந்து பேச ஓர் ஆளும் கிடைத்தது. டேனியல் மறுபடி லாரி ஓட்டுகிறான், இப்போதைக்குப் பக்கத்தில் கோலா கங்சார் வரை மட்டும். "எங்க வீட்டுல பரீட்சையில மொத மார்க் வாங்குனது இவரு ஒருத்தர்தான்" என்று எஸ்தர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் என்னை அறிமுகப்படுத்துகிறாள்.

டேனியல் தினமும் போன் செய்வான். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. "மச்சான், இன்னிக்கு எவ்ளோ மார்க்?" என்பான். ஆறோ ஏழோ, உள்ளதைச் சொல்வேன். அவனும் சொல்வான். யாராவது பத்தைத் தாண்டினால் மற்றவன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வர வேண்டும், அது ஒப்பந்தம்.

நேற்று அவன், "எனக்கு ரெண்டுதான் மச்சான்" என்றான். பொய் சொல்கிறானோ என்று எனக்கு உடனே பதினொன்றாகிவிட்டது. பாவம், அவன்தான் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்தான்.