குழிகளை மூட வேண்டாம்

கோச் எழுந்தார். பல் துலக்கினார். பால் காய்ச்சினார். அத்தைக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். மூன்றாவது டம்ளரை எடுத்து, பார்த்து, திரும்ப அலமாரியில் வைத்தார். இது தினமும் நடப்பது. அத்தை அதைப் பார்க்காத மாதிரி பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அதுவும் தினமும் நடப்பது.

அத்தை என்றால் மனைவியின் அம்மா. மனைவி இறந்த பிறகு அத்தை கிளம்பிவிடுவார் என்று கோச் நினைத்தார். கோச் கிளம்பச் சொல்வார் என்று அத்தை நினைத்தார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. பல்கலைக்கழகக் குடியிருப்பின் அந்தச் சின்ன வீட்டில் அப்படியே இருந்துவிட்டார்கள்.

போன் அடித்தது. பதிவாளர் அலுவலகம்.

"நாளைக்குக் காலையில விளையாட்டு நிதிக் குழு வருது சார். மைதானத்தப் பாக்கணுமாம். ரெஜிஸ்ட்ரார் உங்கள உடனே வரச் சொன்னார்."

கோச் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தை பேப்பரை இறக்கினார்.

"என்ன மாப்ளே, சிரிக்கிறீங்க? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"டிராக் வரப்போகுது அத்தை. சிந்தடிக் டிராக், செவப்பு ரப்பர்ல போடறது. வருஷா வருஷம் எழுதிப் போட்டேனே, இப்பதான் பாக்க வர்றாங்க."

"வந்தா?"

"வேலை பர்மனென்ட். அப்படித்தான் சொல்லியிருக்காங்க. வரலேன்னா இந்த மாசத்தோட என் கான்ட்ராக்ட் முடியுது. வீட்டையும் காலி பண்ணணும்."

அத்தை பேப்பரை நாலாக மடித்தார். "நான் என் மகன் வீட்டுக்குப் போக மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். அங்க மருமக ரிமோட்டத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டுத் தூங்குறா."

"அதெல்லாம் வேண்டியிருக்காது அத்தை. நம்ம மைதானத்த ஒரு தடவ பாத்தா போதும். கல்லும் கரையும்."

கோச் சொன்னது மிகையில்லை. மைதானம் அவ்வளவு மோசம். உயரம் தாண்டும் மெத்தையில் ஒரு நாய் குடும்பம் நடத்தியது. வட்டு எறியும் வலையில் துணி காயப்போட்டார்கள். நூறு மீட்டர் ஓட்டப் பாதையில் ஆங்காங்கே குழிகள். உள்ளூர் மாணவர்களுக்கு அவை மனப்பாடம். வெளியிலிருந்து வரும் அணிகளுக்குத் தெரியாது. அதனால் அந்தப் பல்கலைக்கழகம் சொந்த மண்ணில் தோற்றதே இல்லை.

பதிவாளரின் அறையில் நாற்காலிகள் புதியவை. உட்கார்ந்தால் முழங்கால் முகவாய் வரைக்கும் வந்தது.

"லாரியில செம்மண் வந்துக்கிட்டு இருக்கு," என்றார் பதிவாளர். "ஓடுற பாதை முழுக்கக் கொட்டி, ரோலர் போட்டு, மேல வெள்ளைக் கோடு. தூரத்துல இருந்து பாத்தா சிவப்பா பளபளன்னு இருக்கணும்."

"சார், எதுக்கு?"

"எதுக்கா? வீட்டுக்கு விருந்தாளி வந்தா பெருக்க மாட்டீங்களா?"

"இவங்க விருந்தாளி இல்ல சார், டாக்டர் மாதிரி. டாக்டர் வரும்போது நோயாளிக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சா எப்படி?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க கேலரியில உக்காருவாங்க. டீ குடிப்பாங்க. பாப்பாங்க. போயிடுவாங்க. கீழ இறங்கக் கூடாது, வெயில் ஜாஸ்தி. நீங்க பேசக் கூடாது."

"அதுக்கும் வெயில்தான் காரணமா சார்?"

"போயிட்டு வாங்க கோச்."

கோச்சுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் யார் வந்தாலும் பெயின்ட் அடிப்பார்கள். விடுதிச் சமையலறை தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டி வரும் வழியில் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாளிகளை எடுத்து ஓரம் வைக்கும்வரை வண்டி நின்றது.

ஆனால் இது அவருடைய வயிற்றுப்பாடு. மைதானம் அழகாக இருந்தால் குழு என்ன நினைக்கும்? இவர்களுக்கு எதற்குப் பணம் என்று நினைக்கும்.

மைதானத்தில் செம்மண் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானக் காப்பாளர் மண்வெட்டியோடு நின்றார். ஆயுள் முழுக்க ரோலர் இழுத்தவர் என்பதால் அவர் பெயரே ரோலர் ஆகியிருந்தது.

"ரோலர், குழிய மட்டும் மூடாதீங்க."

"ஏன் சார்?"

"அது இருக்கட்டும்."

"மனுஷன் வர்ற எடத்துல குழிய விட்டு வெக்கறதா? யாராவது விழுந்தா?"

"விழட்டும்னுதான் சொல்றேன்."

ரோலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனைவி போன பிறகு மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஊரே பேசியது அவருக்கும் தெரியும். "நீங்க வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுங்க சார். நான் பாத்துக்கறேன்," என்று பரிவோடு சொல்லிவிட்டு முதல் குழியை மூடினார்.

மதியம் கோச் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை எதிரில் வந்து அமர்ந்தார்.

"நாங்க முன்னாடி இருந்த வீடு ஞாபகம் இருக்கா? கூரை ஒழுகும். ஓனர் பாக்க வர்றேன்னு சொல்லி, வெயில் காலமாப் பாத்து வந்தான். சொட்டுத் தண்ணி இல்ல. நான் என்ன பண்ணினேன் தெரியுமா?"

"என்ன பண்ணினீங்க?"

"கூரை மேல ரெண்டு குடம் தண்ணிய ஊத்திட்டு வந்து, ஒழுகற எடத்துக்கு நேர் கீழ அவனுக்கு நாற்காலியப் போட்டேன். ஒரே வாரத்துல புதுக் கூரை."

கோச் சாப்பிட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ரோலர் வேலை முடித்துக் கிளம்பியதும் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து ஓடுபாதையில் திறந்துவிட்டார் கோச். காலையில் எல்லாம் சேறாகிவிடும். நிம்மதியாகத் தூங்கினார். அத்தையும் தூங்கினார்.

காலையில் போய்ப் பார்த்தால் மைதானம் கண்ணைப் பறித்தது. செம்மண் இறுகி, வழவழவென்று, வெயிலில் மின்னியது. மேலே வெள்ளைக் கோடுகள், அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ரோலர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய வேலை செஞ்சீங்க சார்! காஞ்ச மண்ண எப்படி இறுக்கறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன். விடிகாலைல வந்து பாத்தா நீங்களே தண்ணி விட்டு வெச்சிருக்கீங்க. ஈரத்தோட ஈரமா ரோலர இழுத்துட்டேன். பாருங்க, முகம் பாக்கலாம்."

கோச் பார்த்தார். முகம் தெரியத்தான் செய்தது. நல்ல முகமாக இல்லை.

அப்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கர் லாரி வழக்கம்போல் அந்தப் பக்கம் வந்தது. கோச் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார்.

"உள்ள வந்து ஒரு ரவுண்ட் போங்க."

டிரைவர் எட்டிப்பார்த்தார். "டிராக்லயா? எதுக்கு சார்?"

"செடிக்குத் தண்ணி ஊத்த."

"அங்க ஏது செடி?"

"வெப்பாங்க. நீங்க ஊத்துங்க."

டிரைவர் அரசு ஊழியர். அதற்கு மேல் கேள்வி கேட்பது அவர் வேலை இல்லை. லாரி உள்ளே வந்தது. மேலே இறுகியிருந்த மண்ணுக்கு அடியில் நேற்றைய தண்ணீர் அத்தனையும் இருந்தது. முதல் வளைவிலேயே பின் சக்கரங்கள் பொதுக்கென்று இறங்கின.

ரோலர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோச்சுக்கு ஒரு நிமிடம் மகிழ்ச்சி. பிறகுதான் உறைத்தது: இப்போது இது மோசமான மைதானம் இல்லை, லாரி மாட்டிய மைதானம். குழு லாரியைத்தான் பார்க்கும். யார் விட்டது என்று கேட்கும்.

"வெளிய எடுங்க! சீக்கிரம்!"

டிரைவர் முன்னும் பின்னும் முறுக்கினார். லாரி பாதி உயரத்துக்கு இறங்கியது.

"பாரம் ஜாஸ்தி சார். தண்ணிய எறக்கினா ஏறிடும்."

"எறக்குங்க!"

இறக்கினார். டேங்கர் தண்ணீர் முழுக்கப் பாதையில் பாய்ந்தது. லாரி ஏறவில்லை. மிதக்கவும் இல்லை.

போன் அடித்தது. அத்தை.

"என்ன மாப்ளே, நிலவரம்? பால் வாங்கட்டுமா, மூட்டை கட்டட்டுமா?"

"அரை மணி பொறுங்க அத்தை."

"என்ன அங்க சத்தம்? ஆறு ஓடுற மாதிரி இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

நூலகத்துக்குப் பின்னால் கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு பொக்லைன் இயந்திரம் நின்றது. கோச் ஓடிப்போய் அதைக் கூட்டிவந்தார். கை கூப்பித்தான் கூட்டிவந்தார். அது வெள்ளைக் கோடுகளைக் குறுக்கே உழுதுகொண்டு வந்து, லாரியைத் தூக்குவதற்கு முன் சுற்றிலும் தோண்டியது. ரோலர் மூடிய குழிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஊரே குளிக்கலாம் போல ஒரு குழி ஆனது. லாரி ஒருவழியாக வெளியே வந்தது. பொக்லைன் உள்ளே நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் கேலரியில் தலைகள் தெரிந்தன.

பதிவாளர் கெட்டிக்காரர். நாற்காலிகளை மைதானத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டிருந்தார். குழுத் தலைவிக்கும், கூட வந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் கைகளில் டீ. கண்ணெதிரே வாகனம் நிறுத்துமிடம்.

"அந்த மரமெல்லாம் நாங்க வெச்சதுதான் மேடம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் பதிவாளர்.

"சந்தோஷம். மைதானம் எந்தப் பக்கம்?"

"பின்னாடிதான். சின்னப் பராமரிப்பு வேலை நடக்குது. ஒரே தூசி. இங்க இருந்தே நான் விளக்கமா..."

கோச் படிகளில் ஏறிவந்தார். முழங்கால் வரை செஞ்சேறு. "மேடம், கீழ வந்து பாருங்க. இங்க உக்காந்தா ஒண்ணும் தெரியாது."

பதிவாளர் அவர் காலை மிதித்தார். கோச் மிதிபட்ட காலை எடுத்துக்கொண்டு பேசினார். "ஒரே ஒரு தடவ மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குழுத் தலைவிக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கிராப் வெட்டிய முடி, ஓடிப் பழகிய கால்கள். டீயைக் கீழே வைத்தார். படியிறங்கினார். உறுப்பினர்கள் தங்கள் ஷூக்களைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். பதிவாளர் நின்ற இடத்திலேயே வியர்த்தார்.

கோச் சுற்றிக்காட்டினார். மனைவி போன பிறகு அவர் அவ்வளவு பேசியதில்லை. "இது நூறு மீட்டர் மேடம். இது, அதுல பாதி வழியில வர்ற குளம். அது உயரம் தாண்டற மெத்தை, பாத்து, குட்டி போட்டிருக்கு."

ரோலருக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே வந்தார். "நம்பாதீங்கம்மா! காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு. என் கையால போட்டது!"

"அவர் வயசானவர் மேடம், மானத்துக்குப் பயந்து சொல்றார்," என்றார் கோச். "எப்பவுமே இப்படித்தான். இந்த மைதானத்துல யாரும் ஒரு பைசா செலவழிச்சதில்ல."

குழுத் தலைவி நின்றார். "நிச்சயமா?"

"சத்தியமா மேடம். நான் சேந்த நாள்ல இருந்து."

"போன வருஷம்?"

"போன வருஷம் ஒரு கூடை மண்ணு கூட விழல. வேணும்னா ரெஜிஸ்ட்ராரக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

உறுப்பினர்களில் ஒருவருடைய ஷூவைச் சேறு இழுத்துக்கொண்டது. அவர் ஒற்றைக் காலில் நின்றார். கோச்சுக்குத் தாங்கமுடியாத மகிழ்ச்சி. இதைவிட மோசமாக ஒரு மைதானம் இருக்க முடியாது. பால் வாங்கச் சொல்லி அத்தைக்கு ஒரு செய்தி அனுப்பினார்.

அதன் பிறகு குழுத் தலைவி என்ன சொன்னார் என்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் பல கதைகள் உண்டு. பதிவாளரை அடிக்கக் கை ஓங்கினார் என்பது கேன்டீனில் சொல்வது. கண் கலங்கினார் என்பது ரோலர் சொல்வது. இரண்டும் நடக்கவில்லை. அவர் கோச்சின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியாக அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ரொம்ப நன்றி கோச். நாங்க குடுத்த பணத்துல போன வருஷம் இங்க போட்ட புது சிந்தடிக் டிராக்கப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."