பெட்ரோல மிச்சம் பிடிச்ச கத

மச்சினன் புதூர்ப் பக்கம் வீடு கட்டி, பால்காய்ப்பு வச்சிருந்தான். போயித் தலையக் காட்டிட்டு, சாப்பிட்டுட்டு வரணும். அன்னைக்கு வேல அவ்வளவுதான்.

"பஸ்ல போவோங்க. பெட்ரோல் விக்கிற விலைக்குக் காரு எதுக்கு? உங்க காருக்காவ வீட்ல பாலையே பாதியாக் கொறச்சாச்சு"ன்னா என் பொஞ்சாதி.

மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் பஸ்ல போயி எறங்கவா! மாப்பிள்ள கௌரவம் என்னாகுறது?

"நீ ஏறு. மிச்சம் பிடிக்கது எப்படின்னு காட்டுதேன்"ன்னேன்.

காட்டுனேன்.

மொதல்ல ஏசிய அமத்துனேன். கோவில்பட்டியத் தாண்டுததுக்குள்ள பட்டுச்சேல அவ முதுகோட ஒட்டிருச்சு. கண்ணாடிய எறக்குனா, லாரிப் புழுதி பூராம் மூஞ்சில.

"பவுடர் போட்டது வீணாப்போச்சு"ன்னா.

"அதான் ரெண்டாந்தடவ போட்டாச்சே"ன்னேன்.

அவ கண்ணாடிய மறுபடி ஏத்திக்கிட்டா.

அடுத்து குறுக்குப் பாத. கரிசக்காட்டு வழியாப் போனா தூரம் கம்மின்னு போன்ல மேப்பு காட்டுச்சு. ஒடிச்சுத் திருப்பிட்டேன்.

முந்துன நாள் அந்தப் பக்கம் மழ பேஞ்சது மேப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!

கரிசல் மண்ணு அப்பி அப்பி, நாலு டயரும் பணியாரமா உப்பிருச்சு. மிதிக்கேன், மிதிக்கேன்... டயரு சுத்துது, வண்டி அசைய மாட்டேங்குது. தள்ளுவோம்னு எறங்குனேன். செருப்பு உள்ள போயிருச்சு, காலு மட்டும் வெளிய வந்துச்சு.

அங்கன ஆடு மேச்சுக்கிட்டிருந்த அக்கா வந்து பாத்தா.

"ஏண்ணே, எங்க ஆடே இதுல எறங்காதே! காரக் கொண்டாந்திருக்கீங்க?"

"அவிய பெட்ரோல மிச்சம் பிடிக்காவ"ன்னு உள்ள இருந்து சத்தம் குடுத்தா என் பொஞ்சாதி.

அந்தக்கா சிரிச்ச சிரிப்புல ஆடெல்லாம் மேயுதத விட்டுட்டு என்னையப் பாத்துச்சு.

பாவப்பட்டு அவளே போன் போட்டு ட்ராக்டர வரவச்சா. கயிறக் கட்டி இழுத்து ரோட்ல விட்டாரு ட்ராக்டர்காரர். நன்றி சொல்லிட்டு சாவியத் திருப்புனேன். செருமுச்சு. நின்னுருச்சு. சகதிக்குள்ள நான் மிதிச்ச மிதில டேங்க் காலி!

"இங்கன பங்க் கெடையாது அண்ணாச்சி. விசேஷ வீடு வரைக்கும் இழுத்துட்டே போயிருதேன். ஆனா டீசல் விக்கிற விலைக்கு..."ன்னு தலையச் சொறிஞ்சாரு.

அவரு கேட்ட காசுக்கு நாங்க வாடகக் காரே பிடிச்சிருக்கலாம். ஏசியோட.

பொஞ்சாதி ட்ராக்டர்ல ஏறி உக்காந்துக்கிட்டா. நான் பின்னால, கயித்துல கட்டுன கார்ல, ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு. இப்படித்தான் மாப்பிள்ள ஊருக்குள்ள நுழைஞ்சாரு.

வீட்டு வாசல்ல மொத்தச் சொந்தமும் நிக்கி. மச்சினன் ஓடி வந்தான்.

"அத்தான், புது மாடலா? மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

பந்தில ட்ராக்டர்காரருக்கு மொத எல போட்டாவ. என்னைய மட்டும் மாமியா வாசல்லயே நிப்பாட்டி, "மாப்பிள்ள, புதுத்தர... கால நல்லாக் கழுவிட்டு வாங்க"ன்னாவ. ஒரு குடம் தண்ணி தீந்துச்சு, கரிசல் போகல.

இப்ப காரு எங்க வீட்டு வாசல்லதான் நிக்கி. பெட்ரோல் செலவு ஒத்தப் பைசா கெடையாது.

பானட்டுல மோர்மொளகா நல்லாக் காயுது.