எருதுக்குப் பூசிய பூசணம்

அன்று மாட்டுச் சந்தையில் இருந்தவர்கள்: நான், அப்பா, எங்கள் எருதுகள் இரண்டு, தரகர் மாதையன். இல்லாதவர் அம்மா. "நான் வந்தா வாய் சும்மா இருக்காது" என்று எங்கள் ஊர் சாமல்பட்டியிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரி இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்ட அந்த ஜோடியை விற்பதென்று முடிவானபோது, வலத்து எருதின் கழுத்தில் எட்டணாக் காசு அகலத்துக்குப் படர்தாமரை வந்திருந்தது.

படர்தாமரையும் ஒரு பூசணம்தான், வேறொரு பூசணம் சுரக்கும் பொருள் அதை அடக்கிவிடும், சீமையில் அதை மருந்தாக்கப் பார்க்கிறார்கள் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். எந்தப் பூசணம் என்றும் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததால் நான் எழுதிக்கொள்ளவில்லை. (பரீட்சைக்கு வராது என்று நினைத்தேன். வரவும் இல்லை.)

ஆகவே ராகிக் களி உருண்டையை மூடிவைத்து, பச்சையாகப் பூத்ததும் குழைத்து, எருதின் கழுத்தில் அப்பினேன். அப்பாவும் கூடவே தேய்த்தார்.

"வேப்பெண்ணெ தடவுனா ஆவாதா?" என்றார் அம்மா.

"அதெல்லாம் பழைய காலம்மா."

"படிச்சவன் சொல்றான், உடு புள்ள" என்றார் அப்பா.

எருதுக்குக் களி பிடிக்கும் என்பதை விரிவுரையாளர் சொல்லவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த இடத்து எருது சுத்தமாக நக்கிவிட்டது. நான் தினமும் பூசினேன்; அது தினமும் நக்கியது. மூன்று வாரத்தில் அதன் மூக்கைச் சுற்றிப் படர்தாமரை. பிறகு என் மோவாயில். பிறகு அப்பாவின் வலது கையில், விரல் விரலாக.

சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. துண்டுக்கடியில் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். மாதையன் துண்டை விரித்தார். அப்பா கையை நீட்டினார். மாதையன் குனிந்து பார்த்தார்.

"என்னாண்ணா இது?"

"களி பட்டுது."

"களி பட்டா வட்டவட்டமாவா வரும்? மாட்டுக்கு இருக்குறதே உனக்கும் இருக்குது. மூணு உருப்படின்னு சொல்லியிருந்தா ஆளக் கூட்டியாந்திருப்பேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாயாலயே சொல்லு" என்றார்.

அப்பா நானூறு என்றார். வாயால் சொன்ன விலை என்பதால் சந்தையே திரும்பிப் பார்த்தது. வழியோடு போனவர்கள் எல்லாம் நின்று, மாட்டின் மூக்கைப் பார்த்து, அப்பாவின் கையைப் பார்த்து, என் மோவாயையும் பார்த்து, ஆளுக்குப் பத்து இருபது குறைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் நான் கல்லூரிக்குப் போகவில்லை. நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருந்தேன். பிறகு அந்த மருந்து உண்மையாகவே வந்தது. மாத்திரை. பூசுவதற்கல்ல, விழுங்குவதற்கு.

இன்றும் வீட்டில் நான் யோசனை சொல்ல வாயெடுத்தால் அம்மா முந்தானையைக் கையில் போர்த்தி நீட்டுகிறார். "வெரலப் புடிச்சு சொல்லு சாமி, ஊருக்குக் கேக்கப் போவுது."

படர்தாமரை வருவதற்கு முன், தைமாதம் ஒருவர் வீட்டுக்கே வந்து நானூற்றுக்குக் கேட்ட ஜோடி, சந்தையில் இருநூற்று எழுபதுக்குப் போயிற்று. நட்டம் நூற்று முப்பது ரூபாய், இருபத்தோரு உருண்டை களி.