தம்பிக்குக் கிட்டார் எடை விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், வந்ததும் சாப்பிடுகிறேன், பொய் சொல்லவில்லை. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்த தோள் இப்போது எந்த உயரம் வரைக்கும் தூக்க வருகிறது என்று அடுத்த தடவை பேசும்போது சொல்லவும். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்ளவும். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால், "போன்ல கேட்டா நீங்க பாதியில அழுதுடுறீங்கண்ணி, நானும் எத்தன கிலோன்னு மறந்துடுறேன்" என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறேன். காகிதத்தில் அழுதால் உங்களுக்குக் கேட்காது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி உங்கள் அண்ணன் நினைவாக அவருடைய பாட்டுக்குழுக்காரர்கள் நடத்துகிற கச்சேரியில், அவர் இடத்தில் நின்று நீங்கள் பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறீர்கள். டாக்டர் தோளில் நான்கு கிலோவுக்கு மேல் மாட்டக்கூடாது என்றிருக்கிறார். வீட்டில் இருக்கிற வெள்ளை, கறுப்பு இரண்டில் எது கனம் குறைவு, எதன் கழுத்து கைக்கு அடக்கம், அதை உங்களுக்கு அனுப்பிவிட்டு மற்றதை நான் வைத்துக்கொள்வது என்று பேச்சு. முதலில் நான் இரண்டையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, வெள்ளைதான் கனம் என்று சொல்லிவிட்டேன். "வெள்ளையா கனம்? அண்ணன் எப்பவும் அதத்தானே மாட்டிட்டு நிப்பாரு" என்று உங்களுக்குச் சந்தேகம் வந்து, சரியாக எடை போடச் சொன்னீர்கள். நானே வந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. வீடு கிடக்கிற கிடை சரியில்லை. பார்சலில் அனுப்புகிறேன், நீங்கள் அலைய வேண்டாம்.

முதலில் கழுத்து. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவள் நான், கைப்பிடியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். கறுப்பின் கழுத்து தடிமன். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் என் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றை ஒன்று பார்க்கிறதே தவிர தொட்டுக்கொள்வதில்லை. தையல் டேப் வைத்ததில் அந்த இடத்தில் அகலம் நாலே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பின்பக்கம் பாலிஷ் பளபளவென்று இருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் வேர்த்த கையோடு தடவினால் ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி போகிற மாதிரி இழுத்து இழுத்து நிற்கிறது. வெள்ளையின் கழுத்து ஒல்லி. அதே இடத்தில் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை, விரல் இரண்டும் சுற்றி வந்து தொட்டுக்கொள்கின்றன. பின்னால் பாலிஷ் போய் வெறும் கட்டை தெரிகிறது. குறுக்கே பதித்திருக்கிற கம்பிகளில் ஐந்தாவதுக்கு நேர் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் துவைத்துத் துவைத்து நைந்த தலையணை உறை மாதிரி மெத்தென்று இருக்கிறது. உங்கள் அண்ணனின் கட்டைவிரல் இருபத்திரண்டு வருஷம் போய் வந்த இடம். என் விரலை வைத்துப் பார்த்தேன், உட்கார்ந்தது. கழுத்து எப்படி என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

அடுத்து எடை. எங்கள் கூடத்தில் அழுக்குத் துணி மூட்டையை எடை போடுகிற தராசு இருக்கிறது, ஐம்பது கிராம் வித்தியாசம்கூடக் காட்டும். போன செவ்வாய்க்கிழமை வெள்ளையை அதன் பெட்டியில் வைத்தும், கறுப்புக்குப் பெட்டி இல்லாததால் அதை ஒரு வெள்ளை விரிப்பில் சுற்றியும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் புத்தி வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பொம்பளை வெள்ளைத் துணி சுற்றிய நீட்டு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏற்கெனவே சிவந்த கண்ணோடு நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கையைக் கூப்பினார். சக்கர நாற்காலிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "யாரும்மா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். பொய் இல்லையே. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சலவைக்கூடம் வரைக்கும் கூடவே வந்தாள், பாவம், நான் எங்கே போகிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை. யாரும் இத்தனை மாதத்தில் அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை, நானும் விளக்கம் சொல்லாமல் நடந்துவிட்டேன்.

தராசில் கறுப்பு நாலு கிலோ இருநூறு. வெள்ளை நாலு கிலோ நானூறு. இரண்டும் டாக்டர் சொன்னதற்கு மேலே. அவ்வளவுதான், தம்பிக்கு இரண்டும் ஆகாது என்று மறுபடி சுற்றப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் துணி எடையில் கிராம் குறைந்தாலும் தூக்கம் வராது. "ஏம்மா, வெள்ளைய பெல்ட்டோட வச்சிருக்க. நனைஞ்ச துணிய எட போட்டுட்டுக் கனமா இருக்குன்னா எப்படி? கழட்டும்மா" என்றார். கழற்றினேன். பெல்ட் கை நழுவித் தரையில் விழுந்தது. தோல் பெல்ட் விழுந்தால் தொப்பென்று விழ வேண்டும், இது டணங்கென்று விழுந்தது. பின் முனையில் ஒரு சின்னத் துணிப் பை. நான் தைத்துக் கொடுத்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், "ஒரு சின்னப் பை தச்சுக் குடேன்" என்றார், "எதுக்கு?" என்றேன், "சும்மா" என்றார், இவருடைய சும்மாவுக்கெல்லாம் நான் தைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் தைத்து மூடியிருந்தது. அந்தத் தையல் என்னுடையது இல்லை, கோணல்மாணலாக இருந்தது. கத்திரியை வாங்கி வெட்டினேன்.

உள்ளே இரண்டு பித்தளைப் பூட்டு, தம்பி. ஒன்று மாடிக் கதவுப் பூட்டு, ஒன்று டிரங்குப் பெட்டிப் பூட்டு.

எந்தப் பூட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாலு நாள் வந்து தங்கிவிட்டுப் போன மறுநாள் காணாமல் போன அதே பூட்டுகள். "தெரியாம உங்க பைக்குள்ள வந்துடுச்சா தம்பி?" என்று நான் போனில் கேட்டதும், "ஏன் அண்ணி, எங்க ஊர்ல பூட்டு விக்க மாட்டாங்களா?" என்று நீங்கள் போனை வைத்ததும், அதற்கப்புறம் மூன்று வருஷம் வாசல் மிதிக்காததும் இந்தப் பூட்டுகளுக்காகத்தான். அண்ணனைத் தூக்கின அன்றைக்கு வந்தீர்கள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது என் முன்னால் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனீர்கள். ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு பல்துலக்குகிற பிரஷ். அது என் கண்ணிலேயே நிற்கிறது.

அண்ணன் குழு டிரம்ஸ்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "வெள்ளை உடம்பு லேசு அக்கா. நின்னு வாசிச்சா கழுத்துப் பக்கம் கீழ சாஞ்சுக்கிட்டே போகும், எடது கைதான் தாங்கணும். இந்தப் பக்கம் கனம் தொங்கவிட்டா நேரா நிக்கும். அதுக்குத்தான் பூட்டு" என்றார். சரி, எடுத்தார், எடுத்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை? "சொல்லணும்னுதான் இருந்தாரு. அதுக்குள்ள நீங்க தம்பிக்குப் போன் பண்ணிட்டீங்க. இப்ப சொன்னா ரெண்டு பக்கமும் அடி விழும்னு தள்ளிப்போட்டாரு. தள்ளிப்போட்டா அடி கொறையுமா, சொல்லுங்க" என்கிறார். நான் மாடிக் கதவைக் கயிற்றால் கட்டும்போதெல்லாம் உங்களைத் திட்டுவேன். இவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, "விடு, ரெண்டு பூட்டுதானே, போனாப் போகுது" என்பார். பூட்டு இரண்டும் அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் திட்டினேன். போட்டோவிலும் அதே விடு-போனாப்-போகுது முகம். உயிரோடு இருக்கிற ஆளாக இருந்தால் மூன்று நாள் பேசாமல் இருந்து தீர்த்துக்கொள்வேன். இப்போது யார் யாரிடம் பேசாமல் இருப்பது?

ஒன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பூட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுத் தைத்துவிட்டு, நாலு கிலோ நானூறு என்று மட்டும் எழுதியிருந்தால் வெள்ளை என்னிடமே இருந்திருக்கும், நான் உங்களைச் சந்தேகப்பட்டதும் அப்படியே மூடிக் கிடந்திருக்கும். ஊசியில் நூல்கூடக் கோத்துவிட்டேன். அப்புறம் நீங்கள் திறந்து காட்டிய அந்தப் பை ஞாபகம் வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் பங்கை அவர்தான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் தள்ளிப்போட்டுவிட்டார்.

சரியான கணக்கு இது. வெள்ளை வெறும் கிட்டார் மூன்று கிலோ முந்நூறு. பெல்ட் இருநூறு. பூட்டு ஒன்று நானூற்றைம்பது. "ஒரு பூட்டே போதும் அக்கா, அவரு எதையும் ரெண்டாத்தான் செய்வாரு" என்கிறார் டிரம்ஸ்காரர். ஒரு பூட்டோடு மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது, டாக்டருக்குக் கீழே. கழுத்தும் ஒல்லி. அதனால் வெள்ளையே உங்களுக்கு. கறுப்பு என்னிடம் இருக்கட்டும், அது புதுசு, அவருக்கும் அதற்கும் பெரிய பழக்கம் இல்லை, எனக்கும் அதற்கும் இனிமேல்தான்.

வெள்ளையைப் பெட்டிக்குள் இரண்டு தலையணைக்கு நடுவே படுக்க வைத்துவிட்டேன். பெட்டியின் கொக்கிகள் உடைந்து, உங்கள் அண்ணன் அதில் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் இரண்டை அடித்து வைத்திருக்கிறார், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். பூட்டு எப்படியும் உங்களுக்கு வர வேண்டியதுதானே, வழியில் உபயோகமாக இருக்கட்டும் என்று அந்தத் தாழ்ப்பாளிலேயே போட்டு அழுத்திப் பூட்டிவிட்டேன். நாளைக் காலை பார்சல் ஆபீஸில் கொடுக்கிறேன். சாவிகளை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைக்கிறேன். நீங்கள் இதற்காகக் கிளம்பி வரவே வேண்டாம். கச்சேரி அன்றைக்கு மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், எனக்கு யாரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், என் மாதிரி எழுதாமல் இருக்கட்டும். உங்கள் தோள் தேறி இன்னும் நாற்பது வருஷம் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: சாவி எடுக்கப் போனேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணி இருக்கிறது, சாவி இல்லை. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உங்களோடு போனில் சண்டை போட்ட வாரத்திலேயே, பூட்டில்லாத சாவி எதற்கு என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். வெள்ளை உள்ளே, பூட்டு வெளியே, சாவி எங்கேயும் இல்லை. தெருமுனைப் பூட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அறுத்துடலாம்மா, அஞ்சு நிமிஷம்" என்றார். அவரை அனுப்பிவிட்டேன். உங்கள் அண்ணன் மூன்று வருஷம் இடுப்பில் சுமந்ததை நான் தனியாக உட்கார்ந்து அறுக்கச் சொல்ல முடியாது, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் பார்சல் வராது. வரவேண்டாம் என்று மேலே நாலைந்து இடத்தில் எழுதியிருப்பேன், அதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. நாலு நாளாவது தங்க வேண்டும். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டாம்.