ஒயினுக்கு மாறிய மாமனார்

"எனக்கு ஊத்தாதீங்க மாப்பிள்ளை. நான் ஒயினுக்கு மாறிட்டேன்."

மாமனார் இதைச் சொன்னபோது மூத்த மாப்பிள்ளையான மெக்கானிக் அவருடைய கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி பீரை ஊற்றியிருந்தான். நிறுத்துவதா, ஊற்றி முடிப்பதா என்று புரியாமல் கை அந்தரத்தில் நின்றது. நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி அவன் சட்டைக் கையில் வழிந்தது.

எதிர் நாற்காலியில் அவனுடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், மடியில் ஒரு ஒயின் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். குடும்பத்துக்குள் வந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கி வேறொரு கிளாஸில் மாமனாருக்குக் கருஞ்சிவப்பாக ஊற்றினான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பிரமாதம் என்றார்.

எட்டு வருஷத்தில் மெக்கானிக் ஊற்றிய பீரை அவர் ஒரு தடவைகூடப் பிரமாதம் என்று சொன்னதில்லை.

எட்டு வருஷமாக, ஞாயிறு மதியம் மூன்று மணி என்றால் அந்தப் பின்பக்கத்து பால்கனியில் இரண்டே நாற்காலிதான். ஒன்றில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார். இன்னொன்றில் லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மாப்பிள்ளை. ஆளுக்கு ஒரு பீர். பேச்செல்லாம் பிரேக்கைப் பற்றித்தான். ஓடுகிற ரயிலை நிறுத்துவது எப்படி, இறங்குகிற லிஃப்டை நிறுத்துவது எப்படி, இரண்டில் எது கஷ்டம் என்று பேசிப் பேசி வெயில் சாய்ந்துவிடும். மெக்கானிக்கின் அப்பா அவனுடைய சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர். அந்தக் குறையை அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட்டதும் இல்லை.

இப்போது அங்கே மூன்றாவதாக ஒரு நாற்காலி.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் புலம்பினான். அவன் மனைவிக்கு இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறதென்றே விளங்கவில்லை. அப்பா பீரைத்தானே மாற்றினார், உங்களையா மாற்றினார் என்று கேட்டாள். இன்றைக்கு பீர், நாளைக்கு நான் என்றான் அவன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அவன் வெறும் கையோடு போகவில்லை. ஊரெல்லாம் அலைந்து வெளிநாட்டுக் கறுப்பு பீர் இரண்டு பாட்டில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். இதைக் குடித்தால் ஒயினாவது ஒன்றாவது என்று கணக்குப் போட்டிருந்தான். குளிர்ந்து வியர்த்த கிளாஸில் இரண்டு விரல் நுரை நிற்கும்படி பதமாக ஊற்றி, மாமனார் கையில் கொடுத்தான்.

அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மோந்து பார்த்தார். பிறகு அதை மெக்கானிக்கின் பக்கமே நகர்த்திவிட்டு, சின்ன மாப்பிள்ளையிடம் வேறொரு கிளாஸை நீட்டினார்.

கெட்டுப்போன பாலை மோந்து பார்த்து ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டார் என்று அன்றைக்கு அவன் மனைவியிடம் சொன்னான். இரண்டு பாட்டிலையும் அவனே குடிக்க வேண்டியதாயிற்று. அவன் குடித்து முடிக்கும்வரை மாமனார் அவன் கிளாஸையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இப்படி ஒரு சரக்கைக் குடிக்கிற ஜென்மத்துக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவர் நினைக்கிறாராம்.

சரி, ஒயின்தான் மரியாதை என்றால் ஒயினையே கற்றுக்கொள்வோம் என்று இறங்கினான். ஒயின் கடைக்காரர் பொறுமைசாலி. கிளாஸைச் சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், வாயில் வைத்து உருட்ட வேண்டும், எந்த வருஷத்துச் சரக்கு, எந்த ஜாதி திராட்சை என்று கேட்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். மெக்கானிக் தினமும் வேலை முடிந்து வந்து சமையலறையில் நின்று பயிற்சி எடுத்தான். சுழற்றியதில் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. ஒருநாள் ஒரு வாய் உருட்டி விழுங்கிவிட்டு, இதில் ஈர மண் வாசனை வருகிறது, கூடவே கொஞ்சம் பழைய தோல் செருப்பு என்று மனைவியிடம் சொன்னான்.

"அப்புறம் எதுக்குக் குடிக்கிறீங்க?" என்றாள் அவள்.

அவனுக்கு ஒயின் பிடிக்கவே இல்லை. பீர் தொண்டையில் இறங்கும்போதே இன்றைய வேலை முடிந்தது, காலை நீட்டு என்று சொல்லிவிடும். ஒயின் நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டது. ஆனாலும் விடவில்லை. கடையிலேயே உசத்தியான பாட்டிலாகப் பார்த்து வாங்கி, அடுத்த ஞாயிறு மாமனார் முன்னால் வைத்தான்.

அவர் லேபிளை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அலமாரி பூட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, இதையெல்லாம் ஒரு நல்ல நாளில்தான் திறக்க வேண்டும் என்றார். உட்கார்ந்ததும் சகலை கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டார்.

மெக்கானிக்கின் காதில் புகை வந்தது. சரி, இவன் லட்சணத்தைப் பார்த்துவிடுவோம் என்று சகலையைப் பரீட்சை பண்ணத் தொடங்கினான். அது என்ன திராட்சை என்று கேட்டான்.

சகலை மாமனாரைப் பார்த்தான். "கறுப்பு திராட்சைண்ணா."

"எந்த வருஷத்தது?"

"புதுசுதாண்ணா," என்றான் சகலை. மாமனாருக்குப் புரையேறிவிட்டது. இருமலுக்கு நடுவே அவர் சிரித்த மாதிரியும் இருந்தது. சகலையும் குனிந்து சிரிப்பை அடக்கினான். இரண்டு பேருமாகச் சேர்ந்து தன்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்பதில் மெக்கானிக்குக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வேண்டுமானால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்று அவர்கள் ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னாலும் இவன் பாட்டிலைத் தொடுவதில்லை என்று அவனும் வைராக்கியமாக இருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாவது மாடிக்கு பட்டனை அழுத்தினால் ஐந்தாவது மாடியில் போய் நிற்கிற லிஃப்டை ரிப்பேர் செய்யப் போனான். அவன் கைவைத்த பிறகு அது எங்கேயுமே நிற்கவில்லை.

கடைசியில் பீரையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தான். அடுத்த ஞாயிறு பால்கனியில் உட்கார்ந்து, தனக்கென்று கொண்டுவந்த ஒயினை ஊற்றிச் சுழற்றினான். மாமனாருடைய முகம் தொங்கிப்போயிற்று.

"பீர் எங்கே?"

"நானும் ஒயினுக்கு மாறிட்டேன் மாமா."

"உங்களுக்கு அது ஒத்து வராது மாப்பிள்ளை. உங்களுக்கு பீர்தான் சரி."

எட்டு வருஷத்தில் அவர் அவனிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு பிரேக்கைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சகலை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

தராதரம் பார்க்கிறார் என்று வீட்டுக்குப் போய் மெக்கானிக் கத்தினான். ஒயின் கண்ணாடிக்கடைக்காரனுக்கு, பீர் கிரீஸ் கைக்கு. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று மனைவி எவ்வளவோ சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

அதற்கடுத்த ஞாயிறு நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். அவன் போனபோது அவனுடைய நாற்காலிக்கு முன்னால் ஒரு பீர் பாட்டில் தயாராக இருந்தது. பக்கத்தில் துடைத்து வைத்த கிளாஸ். மாமனாரே கடைக்குப் போய் வாங்கிவந்திருந்தார். அவரும் சகலையும் தங்கள் கிளாஸ்களோடு, ஏதோ சினிமா தொடங்கப்போகிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உட்காருங்க மாப்பிள்ளை. ஊத்துங்க," என்றார் மாமனார்.

அவன் உட்காரவில்லை. நீங்கள் குடிப்பதில் எனக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள், அது அப்படி என்ன அமிர்தம் என்று நானும் பார்க்கிறேன் என்றான். வைராக்கியமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மாமனார் சட்டென்று தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார். சகலை பாட்டிலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "வேண்டாண்ணா, ப்ளீஸ்," என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

ஒரு வாய் ஒயின். எட்டு வருஷப் பழக்கம் ஒரு வாய் ஒயினுக்குக்கூடப் பெறாமல் போய்விட்டது என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி, சமையலறை வழியாக வேகமாக வாசலுக்கு நடந்தான்.

சமையலறையில் மாமியார் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷி. இத்தனை வாரமாக பால்கனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"நான் வர்றேன் அத்தை. இனிமே ஞாயித்துக்கிழமை என்னை எதிர்பார்க்க வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிடுங்க. அவருக்கு ஒயின் ஊத்தத்தான் ஆள் கிடைச்சாச்சே."

மாமியார் குழாயை மூடினார். பால்கனிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்:

"அது வெறும் திராட்சை ஜூஸ் மாப்பிள்ளை, டாக்டர் உங்க மாமாவைச் சொட்டுகூடத் தொடக் கூடாதுன்னுட்டார், உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் பீரை விட்டுடுவீங்க, அப்புறம் யார் குடிக்கிறதைப் பார்த்து மனசைத் தேத்திக்கிறதுன்னுதான் மறைச்சு வெச்சிருக்கார்."